கொடுமுடி கோகிலம்
ரயிலில் பாடிய சிறுமி, நாடகமேடையின் அரசியான கதை

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் பழனி மலை அடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாது. காவடி சுமந்து கால்நடையாக வரும் கூட்டத்தில் ஒரு பகுதியினர் தோளில் தீர்த்தக் கலயம் இருக்கும். அதில் இருப்பது காவிரித் தண்ணீர். அவர்கள் அதைக் கொடுமுடியில் மொண்டு, நாள் கணக்கில் நடந்து, பழனியாண்டவருக்கு அபிஷேகம் செய்யக் கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கொடுமுடியிலிருந்து பழனிக்கு வந்தது தீர்த்தம் மட்டும் அல்ல. ஒரு குரலும் வந்தது. முருகனை நினைத்தால் அந்தக் குரலும் கூடவே நினைவுக்கு வரும். அதுதான் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே அந்தப் பெயரின் விரிவு. பாலாம்பாள் என்பது அவரைப் பெற்ற தாயின் பெயர்.

மேல்நாட்டில் ஜென்னி லிண்ட் என்று ஒரு பாடகி இருந்தார். 1820ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்தில் பிறந்தவர். ஆப்பரா எனப்படும் இசை நாடகங்களில் பாடி, ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றியவர். 1850ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவில் கப்பலை விட்டு இறங்கியபோது, அவரைப் பார்க்கத் துறைமுகத்தில் ஜனங்கள் முண்டியடித்தார்களாம். அவருக்கு ஸ்வீடன் நாட்டுக் குயில் என்று பட்டம். நம் நாட்டிலும் இசை நாடகம் உண்டு. ஊர் சுற்றும் கம்பெனிகள் உண்டு. அந்த மேடையில் நம் ஜனங்கள் கொண்டாடிய குயிலின் கதை இது.

பசித்த வயிறும் பாட்டும்

தெற்கு நோக்கி வரும் காவிரி, கொடுமுடியில்தான் கிழக்கே திரும்புகிறது. கரையில் மகுடேசுவரர் கோயில். அந்த ஊரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. தகப்பனாரின் ஆதரவு இல்லை. குழந்தைகளைக் காப்பாற்றும் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. பல நாள் அடுப்பு எரியாது.

அந்தப் பெண் குழந்தைக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சொத்து தொண்டை. ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதை கொடுமுடி வழியாகத்தான் போகிறது. ரயிலில் ஏறிப் பாடுவாள் சிறுமி. கேட்டவர்கள் காலணா அரையணா கொடுப்பார்கள். அன்றைய அரிசிக்கு அதுவே வழி.

ஒரு நாள் அந்த ரயிலில் எப். ஜி. நடேசய்யர் பயணம் செய்தார். ரயில்வேயில் பெரிய அதிகாரி. ஆனால் அவர் உயிர் நாடகத்தில் இருந்தது. தாமே மேடை ஏறி நடிப்பவர். சிறுமியின் பாட்டு அவர் காதில் விழுந்தது. இப்படிப்பட்ட குரல் ரயில் பெட்டியில் வீணாகலாமா என்று அவருக்குத் தோன்றியது. வேலு நாயர் நடத்திய நாடகக் கம்பெனியில் சிறுமியைச் சேர்த்துவிட்டார்.

முதல் வேஷம் நல்லதங்காள் நாடகத்தில். ஏழு குழந்தைகளுடன் பசியில் தவிக்கும் தாயின் கதை அது. அதில் பசி தாங்காமல் அழும் பிள்ளையாக நடித்துப் பாடினாள் சுந்தராம்பாள். பசி எப்படி இருக்கும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாட்டைக் கேட்டுக் கொட்டகையே கண்ணீர் விட்டது.

மைக் இல்லாத காலம்

அந்த நாளைய நாடகம் எப்படி இருக்கும் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் விடியும் வரை நடக்கும். வசனத்தைவிடப் பாட்டு அதிகம். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்களே எங்கும் நடக்கும். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதித் தந்தவை அவை. சுவாமிகள் 1867ஆம் ஆண்டு பிறந்து 1922ஆம் ஆண்டு மறைந்தார்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை உண்டு. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. நேரே மேடையில்தான் சந்திப்பு! ஒருவர் பாட்டில் கேள்வி போட்டால், மற்றவர் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஜனங்கள் விடமாட்டார்கள்.

மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். வார்த்தை புரிய வேண்டும். இந்தப் பயிற்சியில்தான் சுந்தராம்பாளின் குரல் உரம் பெற்றது. ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்காமல் கணீரென்று பாடும் வழக்கம் கடைசி வரை அவரிடம் இருந்ததற்குக் காரணம் இதுதான். பெண் வேஷம் மட்டும் அல்ல, ஆண் வேஷமும் கட்டிப் பாடினார்.

கடல் கடந்து கிடைத்த துணை

அன்று நாடகக்காரர்களுக்கு இலங்கை இரண்டாவது தாய்வீடு. தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இந்த வழி இருந்தது. சுந்தராம்பாள் சிறு வயதிலேயே இலங்கை சென்று பேர் வாங்கினார்.

1926ஆம் ஆண்டு. கொழும்பில் அவரோடு நடிக்க எஸ். ஜி. கிட்டப்பா வந்தார். 1906ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தவர். பால் மணம் மாறாத வயதிலேயே மேடை ஏறியவர். கன்னையா நாடகக் கம்பெனியில் பெரும் புகழ் பெற்றவர். அவர் உச்சக் குரலில் பாடினால் தேர்ந்த சங்கீத வித்வான்களும் தலை ஆட்டுவார்கள்.

இரண்டு சிங்கங்கள் ஒரே மேடையில் நின்றால் என்ன ஆகும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் நடந்தது வேறு. பாட்டுக்குப் பாட்டு போட்டி வளர்ந்தது. கூடவே அன்பும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அந்த வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சாதியும் வேறு. மேடையில் இணைபிரியாத ஜோடி; வீட்டிலோ மனஸ்தாபமும் பிரிவும். பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் அச்சாகி வந்தன. படித்தவர்கள் மனம் கலங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய பெண், ஒரே ஒருவரின் பதிலுக்காக ஏங்கி நின்றதை அவற்றில் காணலாம்.

வெள்ளைச் சேலை

கிட்டப்பாவின் உடல் நலம் கெட்டது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அவர் காலமானார். 28 வயதுகூட நிரம்பவில்லை.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. புகழின் உச்சி. பட்டும் நகையும் வேண்டிய அளவு வாங்கும் வசதி. எல்லாவற்றையும் அன்றே ஒதுக்கினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். பிறகு வாழ்ந்த 47 ஆண்டுகளும் அந்த முடிவை மாற்றவில்லை.

கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் முடங்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. சுந்தராம்பாள் துக்கத்தை விடவில்லை. அதற்காகப் பாட்டையும் விடவில்லை. வெள்ளைச் சேலையோடே மறுபடி மேடைக்கு வந்தார். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

லட்ச ரூபாய் நந்தனார்

பேசும் படம் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அசன்தாஸ் என்ற முதலாளி சுந்தராம்பாளைத் தேடி வந்தார். நந்தனார் கதையைப் படமாக்க வேண்டும். நந்தனாராகவே அம்மையார் நடிக்க வேண்டும் என்றார். அம்மையாருக்கு விருப்பம் இல்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல், லட்ச ரூபாய் சம்பளம் கேட்டார். கேட்டவுடன் ஓடிவிடுவார் என்று எண்ணம். முதலாளியோ ஒப்புக்கொண்டுவிட்டார்!

ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற நாள் அது. லட்ச ரூபாய் என்றால் நாடே வாயைப் பிளந்தது. 1935ஆம் ஆண்டு படம் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இவ்வளவு இருந்தும் படம் எல்லாரையும் திருப்தி செய்யவில்லை. படத்தில் மரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக ஆனந்த விகடனில் கல்கி கிண்டல் செய்தார்! ஆனால் பாட்டைக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. 1940ஆம் ஆண்டு மணிமேகலை வந்தது.

தங்கத் தட்டு

தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களைத் தேச சேவைக்கு அழைத்தார். சுந்தராம்பாள் கதர் உடுத்தினார். காங்கிரஸ் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னால் பாட்டு. சுந்தராம்பாள் பாடுகிறார் என்று தெரிந்தால் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். நோட்டீஸ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு விஷயத்தைச் சொல்லிவிடும்.

காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையார் வீட்டுக்கு வந்த கதையை இன்றும் ஜனங்கள் சொல்லி மகிழ்கிறார்கள். அம்மையார் தங்கத் தட்டில் உணவு படைத்தாராம். சாப்பிட்டு முடித்த அடிகள், உணவு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தக் கணமே தட்டை எடுத்துக் கொடுத்தார் அம்மையார். பொது நிதிக்காக அது ஏலம் விடப்பட்டது. அம்மையார் வைத்திருந்த விலை உயர்ந்த பொருளைப் பற்றிக் கேட்டால், அதைக் கொடுத்த கதைதான் கிடைக்கிறது!

1950களில் அவர் சென்னை மாகாண மேல்சபை உறுப்பினர் ஆனார். சினிமாவில் நடித்த ஒருவர் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை என்பார்கள். ரயிலில் காசுக்குப் பாடிய பெண், சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்தார்.

ஔவையும் பழனியும்

1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனம் ஔவையார் படத்தை வெளியிட்டது. எஸ். எஸ். வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு டைரக்ஷன். கையில் கோல், நெற்றியில் நீறு, தோளில் மூட்டை. அம்மையாருக்கு வேஷம் போட வேண்டிய அவசியமே அதிகம் இல்லை. அன்று முதல் ஔவை என்றால் சுந்தராம்பாள் முகம்தான் என்று ஆகிவிட்டது. 1964ஆம் ஆண்டு பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும் நடித்தார்.

1965ஆம் ஆண்டு ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் வந்தது. மாம்பழம் அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு குழந்தை முருகன் மலை ஏறி நிற்கிறான். அவனைச் சமாதானம் செய்ய ஔவை வருகிறாள். நீயே பழம் அல்லவா என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறாள். பழனி என்ற பெயருக்கு ஜனங்கள் சொல்லும் காரணம் இதுதான். தாய் பிள்ளையிடம் கொஞ்சுவது போலவும், பக்தை கடவுளிடம் கெஞ்சுவது போலவும், ஒரே மூச்சில் அம்மையார் பாடினார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகமேடைப் பாட்டுமுறை, அந்தக் குரல் வழியாகச் சினிமாக் கொட்டகைக்கு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கந்தன் கருணை படத்திலும் அவரே ஔவை. முருக பக்தரான சின்னப்பா தேவர் தயாரித்த துணைவன் 1969ஆம் ஆண்டு வந்தது. அதில் பாடியதற்காக, அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அம்மையாருக்குக் கிடைத்தது. அவருக்கு முந்திய ஆண்டில் அதே விருதைப் பெற்றவர் பி. சுசீலா. தமிழிசைச் சங்கம் 1966ஆம் ஆண்டு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியிருந்தது. 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வந்தது.

விட்டுச் சென்றவை

சம்பாதித்த காலத்தில் அம்மையார் சொந்த ஊரை மறக்கவில்லை. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். கோயில் திருப்பணிகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் கேட்டபோதெல்லாம் கொடுத்தார். 1973ஆம் ஆண்டு வெளிவந்த காரைக்கால் அம்மையார் படத்தில் அவர் பாடும்போது வயது 65. குரலில் தளர்ச்சி தெரியவில்லை.

1980ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அரசியார் மகுடமோ வைர மாலையோ அவர் விட்டுச் செல்லவில்லை. கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இருவரும் பாடிய பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைச் சிலர் இன்னும் பொக்கிஷம் போலக் காத்து வருகிறார்கள். தட்டு தேய்ந்து, ஊசி உரசும் ஓசையும் சேர்ந்து கேட்கிறது. ஆனாலும் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழுகிறது.

பழனி மலைக்கு ஏறத்தாழ 700 படிகள். வயது முதிர்ந்த பெண்கள் நடுப்படியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது தங்களுக்குள் மெதுவாகப் பாடிக்கொள்வது உண்டு. சங்கீதம் படித்தவர்கள் அல்ல; பலருக்கு எழுத்தும் தெரியாது. அந்தப் பாட்டை அவர்கள் படித்த பள்ளிக்கூடம் சுந்தராம்பாள் அம்மையாரின் குரல்தான்.