புகழிலிருந்து மீண்டவர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பேரறிஞராகவே நாம் அறிவோம். நானோ ஓர் அடிமைப் பழக்கத்திலிருந்து மீண்டவராகவும் அவர்களைப் பார்க்கிறேன். அவர்களைப் பிடித்திருந்தது மதுவல்ல, புகழ்.

கி.பி. 1058 இல் குராஸானின் தூஸ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர்கள். நிஷாபூரில் இமாம் ஜுவைனியிடம் கற்று, 1091 இல் பக்தாத் நிஸாமிய்யா கலாபீடத்தின் ஆசிரியரானார்கள். ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர்.

1095 இல் தமது நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்த்தார்கள். கற்பிப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, பெயருக்காக என்று தெரிந்தது. விட்டுவிட வேண்டும் என்ற உறுதி காலையில் பிறக்கும், மாலையில் கரைந்துவிடும். ஆறு மாதம் இப்படியே கழிந்தது. போதையில் வீழ்ந்தவர் நாளைக்கு விடுகிறேன் என்பதும் இதுதானே! கடைசியில் பாடம் நடத்த நாவு எழவில்லை, உணவும் இறங்கவில்லை. உள்ளத்தில் தொடங்கி உடலில் இறங்கிய நோய் இது என்று வைத்தியர்கள் கைவிரித்தனர்.

மதுவிலிருந்து மீள விரும்பியோர் 1935 இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்புக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. தன்னால் முடியவில்லை என்று ஏற்பது முதற்படி. தன்னை இறைவனிடம் ஒப்படைப்பது மூன்றாவது. இமாமவர்களும் வழியற்றவராக அல்லாஹ்விடம் திரும்பினார்கள். அதன் பிறகே பதவியை விடுவது இலேசாயிற்று. குடும்பத்துக்குப் போதுமானதை வைத்துவிட்டு, மீதிச் செல்வத்தைப் பங்கிட்டார்கள். மக்கா செல்வதாகச் சொல்லி டமஸ்கஸ் போனார்கள். அங்கே உமையாப் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு தனித்திருப்பார்கள். பின்பு பைத்துல் முகத்தஸ், ஹஜ். பிள்ளைகளின் அழைப்புத்தான் அவர்களை ஊருக்கு இழுத்து வந்தது. அந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் வாசலைப் பார்த்திருந்தார்களோ!

நாவு கட்டுண்டவரின் பேனா ஓயவில்லை. இஹ்யா உலூமித்தீன் 40 பகுதிகளாக விரிந்தது. அதில் எனக்குப் பிடித்தது முஹாஸபா பற்றிய பகுதி. வியாபாரி பங்காளியோடு செய்வதுபோல, காலையில் நப்ஸோடு நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, இரவில் கணக்குக் கேட்க வேண்டும். பன்னிரண்டு படிகளில் பத்தாவதும் இதே சுயகணக்குத்தான். மனம் சோர்ந்த நாட்களில் நானும் குறிப்பேட்டில் எழுதுகிறேன்: இன்றைய கவிதை யாருடைய கைதட்டலுக்காக? எல்லா மனநோயும் புகழாசையால் வருவதல்ல. மருந்து வேண்டியவர் மருந்தை நிறுத்தக் கூடாது.

1106 இல் இமாமவர்கள் நிஷாபூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். நோயைத் தந்த அதே தொழில்! ஆனால் முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தவர்கள், இப்போது புகழை விடுவதற்கான கல்வியைக் கற்பித்தார்கள். பிறகு தூஸுக்கே திரும்பி, 1111 இல் அங்கு வபாத்தானார்கள்.