காவல் நின்ற கால்கள்: மருத்துவர் தாலிமெரன் ஆவோ

கால்பந்தாட்டத்தில் கோல் அடிப்போரின் பெயரையே ஊர் நினைவில் வைத்திருக்கும். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே மறித்து, பந்தைப் பறித்து, முன் நிற்போர்க்கு அளித்துவிட்டு ஒதுங்குபவரை எவரும் தேடுவதில்லை. அத்தகைய தற்காப்பு நடுக்கள வீரர் ஒருவரே, ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஆடிய இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை ஏற்றார் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அவரே மருத்துவர் தாலிமெரன் ஆவோ.

நாகர் மலைநாட்டின் சாங்கி என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். தம் மகன் மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அப்பெரியவரின் விருப்பம். 1935இல் நச்சுக் காய்ச்சல் அவர் உயிரைக் கவர்ந்தது. விருப்பம் மட்டும் மகனிடம் தங்கியது.

ஜோர்ஹாட்டிலும் குவாஹாட்டி காட்டன் கல்லூரியிலும் பயின்ற ஆவோ, 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. பகலில் பாடமும் மாலையில் மைதானமுமாக நாள்கள் நகர்ந்தன. சேர்ந்து எட்டாண்டுகள் கழித்து, 1950இல்தான் அவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டுகளில் ஆட்டமும் தன் பங்கைக் கேட்டிருக்கும் என்றே நாம் கருதுகிறோம். எனினும் நூலை அவர் கைவிடவில்லை. விளையாட்டைச் சாக்காக்கித் தேர்வுக்கு வராதிருப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்!

1948இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு நகரில் பிரான்சு அணியை இந்தியா எதிர்கொண்டது. நம் வீரருள் பெரும்பாலோர் பூட்சு அணியாது வெறுங்காலால் ஆடினர். பிரான்சு ஒரு கோல் முந்தியது. மைசூர்ப் பகுதியின் சாரங்கபாணி ராமன் எழுபதாம் நிமிடத்தில் அதனைச் சமன் செய்தார். கிடைத்த இரு பெனால்டி உதைகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் கோல் அடித்து 2–1 என வென்றது. தோற்ற அணியின் ஆட்டமே அந்நாட்டாரின் பாராட்டைப் பெற்றது.

ஆர்சனல் கழகம் ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்தும் அவர் ஏற்காது திரும்பினார் என்று அவர் வாழ்வைச் சொல்வோர் கூறுவர். அவர் திரும்பியது முடிவுறாத மருத்துவப் படிப்பிற்கு. ஆடுகளத்தில் அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கும், இழப்பு சிறிதன்று. அதனை அவர் தெரிந்தே ஏற்றார் என்பது நம் துணிபு.

பட்டம் பெற்றபின் திப்ருகர் மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். 1953இல் கோஹிமா சென்றார். அப்பத்தாண்டின் நடுவில் மலைகளில் ஆயுதப் பூசல் மூண்டது. 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானபோது சுகாதாரத் துறையின் இயக்குநரானார். சாலையில்லாச் சிற்றூர்கள் நிறைந்த மாநிலத்தில் மருத்துவத் துறையை நிலைநிறுத்தும் பொறுப்பு பதினைந்து ஆண்டுகள் அவரிடம் இருந்தது. 1978இல் ஓய்வு பெற்ற அவர், 1998 செப்டம்பரில் தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.