கேள்வி கேட்க ஆளில்லாத வானொலி

அமெரிக்கப் பெருமந்தத்தைப் பற்றிப் பேசும்போது ரூஸ்வெல்ட், கீன்ஸ் ஆகியோரின் பெயர்கள் தவறாமல் இடம்பெறும். பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் அவர்களோடு இன்னொரு பெயரையும் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: பாதிரியார் சார்லஸ் காக்லின். ஏற்றத்தாழ்வைப் பற்றி வானொலியில் பேசியே ஒரு தேசத்தின் கணிசமான பகுதியைத் தம் பின்னால் திரட்டியவர் அவர்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1891-இல், அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தொழிலாளர் நிலை குறித்துப் போப் பதின்மூன்றாம் லியோ தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நியாயமான கூலி உழைப்பவனின் உரிமை என்ற அம்மடலின் கருத்தே பின்னாளில் காக்லின் பேச்சுக்கு அடித்தளமானது. 1916-இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1926-இல் டெட்ராய்ட்டை அடுத்த ராயல் ஓக்கில் ஓர் ஆலயத்தின் பொறுப்பை ஏற்று, அவ்வாண்டு அக்டோபரிலேயே உள்ளூர் வானொலியில் மறையுரை ஆற்றத் தொடங்கினார்.

டெட்ராய்ட் மோட்டார் வாகனத் தொழிலை நம்பி வாழ்ந்த நகரம். 1929-இன் வீழ்ச்சிக்குப் பிறகு ஆலை வாயில்கள் அடைபட்டன. 1933-இல் நாட்டின் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் நொடித்தன. காக்லினின் பேச்சும் வேதபாடத்திலிருந்து வங்கிகளுக்கும் நாணய முறைக்கும் திரும்பியது. 1930-இல் சிபிஎஸ் நிறுவனம் அவரை நாடெங்கும் ஒலிபரப்பியது. மறு ஆண்டு அந்நிறுவனம் விலகிக்கொண்டபோது, தாமே பல நிலையங்களை இணைத்து ஒரு வலையமைப்பை உருவாக்கினார். ஏறத்தாழ 12.5 கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டில் 3 கோடிப் பேர் வரை அவரைக் கேட்டதாக மதிப்பிடுகிறார்கள். நேயர்களின் கடிதங்களும் காணிக்கைகளும் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.

அவர் சொன்னவை அனைத்தும் பிதற்றல் அல்ல. வாழ்க்கைக்குப் போதிய கூலி, தொழிற்சங்க உரிமை ஆகியவற்றை வலியுறுத்தினார். விலைவாசி சரியும்போது கடனாளியின் உண்மைச் சுமை கூடுகிறது என்பதை இர்விங் ஃபிஷர் 1933-இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பணப்புழக்கத்தைப் பெருக்க வேண்டும் என்ற காக்லினின் கோரிக்கைக்கு ஆகவே பொருளியல் நியாயம் இருந்தது.

அதற்கு அவர் பரிந்துரைத்த மருந்துதான் வெள்ளி. 1934 ஏப்ரலில் கருவூலத் துறை வெள்ளி வைத்திருப்போர் பட்டியலை வெளியிட்டது. காக்லினின் வானொலி அமைப்பின் பெயரில், அவருடைய செயலாளர் ஐந்து லட்சம் அவுன்ஸ் வெள்ளிக்கு முன்பேர ஒப்பந்தம் செய்திருந்தது அதில் அம்பலமானது. அவ்வாண்டு ஜூனில் அரசு வெள்ளியை வாங்கிக் குவிக்கச் சட்டம் இயற்றியது. அதன் அடி விழுந்தது சீனத்தில். வெள்ளி நாணய முறையைக் கொண்டிருந்த அந்நாட்டிலிருந்து வெள்ளி வெளியேறியது, விலைகள் சரிந்தன, 1935-இல் சீனம் அம்முறையையே கைவிட்டது. டெட்ராய்ட் தொழிலாளிக்கு இதனால் விளைந்த நன்மை ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே ஆண்டுகளில் சிகாகோ பல்கலைக்கழகமும் ஒரு வானொலி நிகழ்ச்சியை நடத்தியது. எழுதிவைத்த உரையின்றி, பேராசிரியர்களும் வல்லுநர்களும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அரசியலையும் பொருளாதாரத்தையும் விவாதித்தனர். ஒருவர் உளறினால் எதிரில் இருப்பவர் குறுக்கிட்டுக் கணக்குக் கேட்பார். ஞாயிறு பிற்பகலில் காக்லின் பேசியபோது அவரெதிரே ஒலிவாங்கி மட்டுமே இருந்தது. அவருடைய வீழ்ச்சியின் விதையை நான் இங்குதான் காண்கிறேன்.

1932-இல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தவர், 1934-இல் சமூக நீதிக்கான தேசிய ஒன்றியத்தைத் தொடங்கி, மெல்ல அவருக்கு எதிரியானார். 1935 ஜனவரியில் உலக நீதிமன்றத்தில் அமெரிக்கா சேரக்கூடாது என்று அவர் முழங்க, தந்திகள் செனட் சபையில் வெள்ளமாகப் புகுந்தன. தீர்மானம் ஏழு வாக்குகளில் தோற்றது. ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் வாக்களிப்பவர்கள் அல்லர். 1936 அதிபர் தேர்தலில் அவர் முன்னிறுத்திய வில்லியம் லெம்கேவுக்குக் கிடைத்தது 9 லட்சத்துக்கும் குறைவான வாக்குகள். இரண்டு விழுக்காடுகூட இல்லை.

அதன் பின் அவருடைய பேச்சில் வங்கியாளர் என்ற சொல் இருந்த இடத்தில் யூதர் என்ற சொல் அமர்ந்தது. வட்டி விகிதத்தையும் கடன் அளவையும் கொண்டு விளக்க வேண்டியதை ஓர் இனத்தின் சதியாகச் சொல்லத் தொடங்கினார். போலி என்று அதற்கு முன்பே நிறுவப்பட்டிருந்த சியோன் மூப்பர்களின் நெறிமுறைகளை 1938-இல் தம் இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்த சில நாள்களில், நாஜிகளின் செயலுக்குச் சமாதானம் சொல்லும் தொனியில் வானொலியில் பேசினார். நியூயார்க் நிலையமொன்று அவரை ஒலிபரப்ப மறுத்தது. சர்ச்சைக்குரிய பேச்சாளர்களுக்கு நேரம் விற்பதை ஒலிபரப்பாளர் சங்கம் 1939-இல் கட்டுப்படுத்த, மறு ஆண்டு அவர் குரல் வானலையிலிருந்து மறைந்தது. 1942-இல் அவருடைய இதழுக்கான அஞ்சல் சலுகையை அரசு பறித்தது. அரசியல் பேசக்கூடாது என்று பேராயர் மூனி ஆணையிட்டார்.

காக்லின் அதற்குப் பணிந்தார். 1966 வரை அதே ராயல் ஓக் ஆலயத்தில் பங்குத்தந்தையாகத் திருப்பலி நிறைவேற்றி வந்த அவர், 1979 அக்டோபரில் தமது 88-ஆவது வயதில் மறைந்தார்.