வழி வகுத்த பெல்மன்

ஆய்வுக்கூடத்தில் சுவிட்சுகளை இணைத்து, ‘ரிப்’ என்னும் வழிகாணும் நெறிமுறையை அமைத்துப் பழகும் நண்பர்கள் நம்மிடையே பலர். அந்நெறிமுறைக்கு வேரான கணக்கை வகுத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்டு பெல்மன். அவர் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெல்மன் நியூயார்க்கில் பிறந்தார். தந்தையார் புரூக்ளினில் சிறியதொரு மளிகைக்கடை நடத்தியவர். புரூக்ளின் கல்லூரியில் கணிதம் பயின்ற மகன் 1941இல் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் லாஸ் அலமாசில் பணியாற்றினார். 1946இல் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ராண்டு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வளர்த்த ‘டைனமிக் புரோகிராமிங்’ என்னும் முறை 1957இல் நூலாக வெளிவந்தது.

அதன் உயிர்நாடி எளியது. தில்லியிலிருந்து சென்னைக்குரிய மிகக் குறுகிய வழி நாகபுரியைத் தொட்டுச் செல்லுமாயின், நாகபுரியிலிருந்து சென்னை வரையுள்ள பகுதியும் மிகக் குறுகியதாகவே இருத்தல் வேண்டும். இன்றேல் அப்பகுதியை மாற்றி முழுவழியையும் குறுக்கிவிடலாமன்றோ?

1958இல் இக்கருத்தை நகரங்களுக்கிடையேயான வழிக்கணக்கில் கையாண்டு ஒரு கட்டுரை எழுதினார். லெஸ்டர் போர்டு என்பாரும் 1956இல் இத்தகைய முறையைக் கண்டிருந்தார். ஆதலின் இருவர் பெயராலும் இது வழங்குகிறது. பெல்மன் எண்ணியவை நகரங்களும் சாலைகளுமே. ஆயினும் 1969இல் தோன்றிய ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலை இம்முறையையே முதலில் மேற்கொண்டது.

நாம் சுவிட்சில் செய்வது யாது? வழிகாணும் வசதியை இயக்குகிறோம். ரிப்பின் இரண்டாம் பதிப்பைத் தேர்கிறோம். பங்குகொள்ளும் வலைகளை அறிவிக்கிறோம். பின்னர் 30 நொடிக்கொருமுறை ஒவ்வொரு சுவிட்சும் தான் அறிந்த தொலைவுகளை அண்டை சுவிட்சுகளுக்குச் சொல்கிறது. கேட்பது அத்தொலைவோடு 1 கூட்டி, வந்தவற்றுள் சிறியதைக் கொள்கிறது. முழு வரைபடம் எதனிடமும் இல்லை. அண்டையார் சொல்லே துணை.

அதனால் இடரும் உண்டு. இணைப்பு அறுந்தால், ஒன்று சொன்ன பழஞ்செய்தியை மற்றொன்று அதற்கே திருப்பிச் சொல்ல, தொலைவு ஏறிக்கொண்டே போகும். ஆகவேதான் 16 என்பதை எட்டாத் தொலைவு என வரையறுத்தனர். ஒருவரிடம் கற்ற வழியை அவருக்கே திருப்பிச் சொல்லலாகாது என்றும் விதித்தனர்.

1965இல் பெல்மன் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1973இல் மூளைக்கட்டிக்காகச் செய்த அறுவைச் சிகிச்சையின் பின்விளைவுகள் அவர் உடலைப் பெரிதும் முடக்கின. பேனா மட்டும் ஓயவில்லை. 1979இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலார் கழகம் தன் உயரிய பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1984ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்சில் மறைந்தார். ரிப் பொதுவரையறையாக எழுத்தில் வந்ததோ 1988இல்தான்.

எவ்வழியாக இங்கு வந்து சேர்ந்திருப்பினும், இங்கிருந்து எஞ்சிய வழி சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்பது பெல்மனின் கோட்பாடு. நோயுற்ற அவருடைய இறுதிப் பத்தாண்டுகளை எண்ணும்போது, அக்கோட்பாட்டை அவர் கணிதத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.