நைஜர் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது? விடை தேடிப் போன மங்கோ பார்க்கின் கதை

ஒரு நதி கிழக்கே ஓடுகிறதா, மேற்கே ஓடுகிறதா? கரையில் நின்று பார்த்தாலே தெரிஞ்சுடும். ஆனால் நைஜர் நதி விஷயத்தில் ஐரோப்பாவுக்கு இது 1796 வரை குழப்பம்தான். நேரில் பார்த்துச் சொன்னவர் மங்கோ பார்க் என்ற 24 வயது ஸ்காட்லாந்து டாக்டர்.

குழப்பத்துக்குக் காரணம் நதியின் பாதை. கினியா மலைப்பகுதியில், அட்லாண்டிக் கடலில் இருந்து வெறும் 240 கி.மீ. தூரத்தில் நைஜர் பிறக்கிறது. நேரா கடலுக்குப் போயிடலாமே? அதுதான் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே சஹாரா பக்கம் போகிறது. மாலியில் பெரிய சதுப்பு நிலமாகப் பரவி, திம்புக்டு அருகே பாலைவன விளிம்பைத் தொட்டு, பிறகு தென்கிழக்கே திரும்பி, நைஜீரியாவில் கினியா வளைகுடாவில் கலக்கிறது. மொத்தம் சுமார் 4,180 கி.மீ.

இன்றைக்கு கூகுள் மேப்பில் ஒரு நிமிட வேலை. அன்றைக்கோ, நைஜர் மேற்கே ஓடுகிறது என்று ஒரு கூட்டம், நைல் நதியில் சேர்கிறது என்று இன்னொரு கூட்டம். கரையில் வாழ்ந்த மக்களுக்கு மட்டும் எந்த மர்மமும் இல்லை. ஜோலிபா என்று அழைத்து, அதில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1795-ல் லண்டனின் ஆப்பிரிக்கச் சங்கம் பார்க்கை அனுப்பியது. காம்பியாவில் இருந்து உள்ளே போனவரை, வழியில் ஒரு சிற்றரசர் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார். தப்பி, பட்டினியோடு அலைந்து, 1796 ஜூலையில் செகு நகரை அடைந்தார். எதிரே நைஜர், கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

செகு மன்னர் அவரை ஊருக்குள் விடவில்லை. தங்க இடமின்றி நின்றவரை ஒரு பெண் வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன் சுட்டுக் கொடுத்து, படுக்கப் பாயும் கொடுத்தார். திரும்பும் வழியில் காய்ச்சலில் விழுந்தவரைக் காப்பாற்றியவர் கார்ஃபா என்ற அடிமை வியாபாரி. சங்கிலியில் கட்டி விற்கக் கொண்டுபோன மனிதர்களோடு சேர்ந்து நடந்துதான் பார்க் கடற்கரைக்குத் திரும்பினார். தொப்பிக்குள் ஒளித்து வைத்த குறிப்புகள் 1799-ல் புத்தகமாகி, விற்றுத் தீர்ந்தன.

திருமணம், குழந்தைகள், ஊரில் டாக்டர் வேலை. ஆனாலும் மனசு அங்கேயே இருந்தது. நதி எங்கே முடிகிறது?

1805-ல் அரசு செலவில் மறுபடி கிளம்பினார். இந்த முறை ராணுவ வீரர்களோடு சுமார் 40 ஐரோப்பியர்கள். மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டதுதான் பெரிய தப்பு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலானவர்களைக் கொன்றன. மைத்துனரும் இறந்தார். மிஞ்சிய சிலரோடு, இரண்டு பழைய படகுகளை ஒன்றாக்கி, அதற்கும் ஜோலிபா என்றே பெயர் வைத்து, நவம்பரில் நதியில் இறங்கினார். எங்கும் கரை ஒதுங்காமல், நெருங்கி வந்த படகுகளைச் சுட்டு விரட்டியபடி போனார்கள். அந்த வேகத்தில் வழியெல்லாம் பகைதான் மிஞ்சியது. 1806-ல், இன்றைய நைஜீரியாவின் புஸ்ஸா அருகே பாறைகளுக்கு நடுவே படகு சிக்கியது. கரையில் இருந்து தாக்குதல். பார்க் நதியில் குதித்து இறந்ததாக, பிறகு உயிரோடு கிடைத்த ஒரே ஆள் மூலம் தெரியவந்தது.

தந்தையைத் தேடிப்போன மகன் தாமஸும் 1827-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலேயே இறந்தார். 1830-ல் லாண்டர் சகோதரர்கள் புஸ்ஸாவில் இருந்து படகில் போய்க் கடலைத் தொட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த முகத்துவாரத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் நூற்றாண்டுகளாக அடிமைகளை ஏற்றிக்கொண்டிருந்தன. அலையாத்திக் காடுகளுக்குள் பல கால்வாய்களாகப் பிரிந்து கிடந்ததால், அதுதான் நைஜர் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பார்க் இறந்த இடம் இப்போது கண்ணுக்குத் தெரியாது. 1968-ல் கைஞ்சி அணை கட்டியபோது பழைய புஸ்ஸா தண்ணீருக்குள் போய்விட்டது.