வவுச்சருக்கு மூத்தவர் தாமஸ் பெயின்



அரசுப் பணத்தைப் பள்ளிக்குத் தராமல் பிள்ளையின் பெயரில் தந்து, பெற்றோரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதான் பள்ளி வவுச்சர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1990-ல் ஏழை மாணவர்களுக்கு அது வந்தது. அந்த யோசனைக்குத் தாத்தா என்று நான் சொல்வது தாமஸ் பெயினைத்தான்.

1737-ல் இங்கிலாந்தின் தெட்போர்டில் பிறந்தவர். 13 வயசு வாக்கில் படிப்பை விட்டு அப்பாவோடு தையல் வேலைக்கு வந்துவிட்டார். பிறகு அமெரிக்கா போய், 1776-ல் 'காமன் சென்ஸ்' எழுதி விடுதலை உணர்வை மூட்டினார். 1792-ல் 'மனித உரிமைகள்' இரண்டாம் பாகத்தில் ஒரு கணக்குப் போட்டார். ஏழை வீட்டில் 14 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 4 பவுண்டு. சும்மா இல்லை! எழுதப் படிக்க, கணக்குப் போடப் பிள்ளையை அனுப்பியாக வேண்டும். அதற்குப் பாதிரிமார் சான்று தர வேண்டும். அந்தப் புத்தகத்துக்காக அவர்மேல் ராஜதுரோக வழக்குப் பாய்ந்தது. 1809-ல் நியூயார்க்கில் இறந்தபோது, அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

வவுச்சர் வேண்டும் என்பவர்கள் பெயினைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அவர் காலத்து இங்கிலாந்தில் அரசுப் பள்ளியே கிடையாது. அதன் பணம் குறையுமே என்ற பேச்சுக்கும் இடமில்லை. இன்றைய எதிர்ப்பே அங்கேதான் தொடங்குகிறது. பலனும் ஒரே மாதிரி இல்லை: வாஷிங்டனில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கூடினார்கள், லூசியானாவில் கணக்கு மதிப்பெண் சரிந்தது.

பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசினாலும் சரி, பெயின் கேட்ட சான்றை நீங்களும் கேளுங்கள். பணம் போய்ச் சேர்ந்தது சரி, பிள்ளை படித்ததா?