விளக்கேந்திய மங்கையின் துயரம்

இரவு நேரம். நீண்ட ஆஸ்பத்திரிக் கூடம். வரிசை வரிசையாக நோயாளிகள். கையில் விளக்குடன் ஒரு பெண்மணி மெல்ல நடந்து வருகிறார்.

அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்!

அந்த விளக்கை எல்லோருக்கும் தெரியும். அதை ஏந்தியவர் பட்ட மனவேதனை பலருக்குத் தெரியாது.

செல்வர் வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்து நாட்டுச் செல்வர்கள். மகள் நர்சு வேலைக்குப் போவதா? குடும்ப கவுரவம் என்ன ஆவது? வீட்டில் பெரும் எதிர்ப்பு! பல ஆண்டுகள் போராடித்தான் அனுமதி பெற்றார்.

கொள்ளை நோய்

கிரிமியா யுத்தம் மூண்டது. 1854 நவம்பரில், 38 நர்சுகளுடன் துருக்கியில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே குண்டுக் காயத்தால் இறந்தவர்களை விட காலரா, சீதபேதி, விஷக்காய்ச்சலால் மாண்டவர்களே அதிகம். கட்டிடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 பிப்ரவரியில் 100 நோயாளிகளில் 42 பேர் இறந்தார்கள்!

மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்தது. ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

அதற்குள் நைட்டிங்கேலையே காய்ச்சல் பிடித்தது. மே மாதம் சாவின் விளிம்புவரை சென்று பிழைத்தார்.

மறையாத முகங்கள்

1856-ல் நாடு திரும்பினார். மாலை மரியாதையுடன் வரவேற்க ஊரே காத்திருந்தது. அவரோ வேறு பெயரில், யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார்!

இறந்துபோன வீரர்களின் நினைவு அவரை விடவில்லை. 1857-ல் உடல் தளர்ந்து விழுந்தார். பல ஆண்டுகள் அறைக்குள்ளேயே கிடந்தார். சோர்வும் மனவாட்டமும் வாட்டின. கிரிமியாவில் தொற்றிய நோயின் மிச்சமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று இக்கால டாக்டர்கள் கருதுகிறார்கள்.

படுக்கையில் இருந்தபடியே எழுதினார். ஆஸ்பத்திரிகளைச் சீர்திருத்தப் பாடுபட்டார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே மாணவி ஒவ்வொருவருக்கும் தனி அறை! பகலெல்லாம் நோயாளிகளுடன் இருப்பவருக்குத் தலைசாய்க்க ஓர் இடம் கிடைத்தது.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

நர்சுக்கு யார் துணை?

2020-ம் ஆண்டு அவருடைய 200-வது பிறந்த ஆண்டு. அதே ஆண்டில்தான் கொரோனா உலகை உலுக்கியது. நாள்தோறும் சாவைக் கண்ட நர்சுகள் பலர் தூக்கம் இழந்தார்கள், மனம் உடைந்தார்கள்.

அது கோழைத்தனம் அல்ல. உலகம் போற்றும் நைட்டிங்கேலுக்கே வந்த துன்பம்தான்.

நோயாளிக்கு நர்சு துணை. நர்சுக்கு ஓய்வும், ஆறுதலாகக் கேட்க ஒரு காதும் நாம்தானே தரவேண்டும்?